"ரயர் மாத்த வேணும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: வன்னிக்குக் காரோடு வந்திருப்பவர்களுக்கு

கிளிநொச்சிக்கு மாற்றம் கிடைத்து வந்த முதல் வருடம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் காரில் போய்வந்தேன். ஒருநாள் காலை பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தும்போது எங்கள் காவலாளி ஐயா முன்சில்லைக் குனிந்து பார்த்துவிட்டு, "ரீச்சர், முன் ரயர் ரெண்டும் கரையில தேஞ்சு வருது. ஒருக்கா மாத்திப் போடுங்கோ" என்றார். அன்று பின்னேரமே ஒரு டயர் கடையில் காரை விட்டேன். "தம்பி, முன் ரயர் மாத்த வேணும்." அவ்வளவுதான் சொன்னேன்.

அந்தத் தம்பி டயரின் அளவைக் குனிந்து வாசித்தார். உள்ளே போனார். நிறக்கோடு அழியாத, ரப்பர் மயிர் உதிராத புது டயர் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். விலையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் ஐயா சொன்னது இதைத்தானே என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஐயா பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஐயோ ரீச்சர், முன்னுக்குக் கிடக்கிறதைப் பின்னுக்குப் போட்டு, பின்னுக்குக் கிடக்கிறதை முன்னுக்குப் போடச் சொல்லியெல்லோ சொன்னனான்!"

கடைக்காரத் தம்பி என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்டதைத்தான் செய்தார். நம் பேச்சில் 'மாத்துறது' என்ற ஒரே சொல் இரண்டு வேலைக்கும் நிற்கிறது. பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுவதும் மாத்துறதுதான், இருப்பதையே இடம் மாற்றிப் போடுவதும் மாத்துறதுதான். வவுனியாப் பக்கத்துக் கடைகளில் சிங்களம் பேசும் வேலையாட்களிடம் 'மாரு கரன்ன' என்று சொன்னாலும் இதே குழப்பம் வரும். என் பழைய டயர் இரண்டுக்கும் இன்னும் நல்ல ஆயுள் இருந்தது. அந்த இழப்பு இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் தேவை

ஓல்டோ, வகன் ஆர், விட்ஸ், அக்வா, ஹொண்டா ஃபிட் போன்ற சின்னக் கார்களில் எஞ்சின் முன்சில்லுகளைத்தான் சுழற்றுகிறது. திரும்புவதும் முன்சில்லு. பிரேக் பிடிக்கும்போது பாரம் சாய்வதும் முன்னுக்கு. எஞ்சினின் நிறையும் அங்கேதான். ஆகவே முன் டயர் விரைவாகத் தேயும், அதிலும் ஓரம் கூடுதலாகத் தேயும். பின் டயர் பெரும்பாலும் கூடவே உருண்டு வருகிறது. இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றினால் நாலும் ஏறத்தாழ ஒன்றாகத் தேயும். நாலையும் ஒரே தவணையில் புதிதாக்கலாம்.

பெரும்பாலான கார்களுக்கு 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது கணக்கு. உங்கள் காரின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு. கேட்கும்போது பெரிய தூரம் போலத் தெரியும். யாழ்ப்பாணம் கிளிநொச்சி ஒரு வழி ஏறத்தாழ 65 கிலோமீற்றர், போய்வர 130. மாதம் 20 நாள் வேலை என்றால் 2,600. நாலு மாதம் முடியுமுன்னே 10,000 வந்து நிற்கும். ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணி என்று உள்ளுக்குள் ஓடுபவர்களுக்குக் கிரவல் ரோட்டும் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் 5,000 கிலோமீற்றரிலேயே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டியது

கடைக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். டயர் கடையில் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பதெல்லாம் இந்தக் கால் மணித்தியாலத்தில்தான் தெரியவரும். ஒரு சோக்கட்டியும் ஒரு துண்டுத் தாளும் போதும்.

உங்கள் வாகனத்தை இழுப்பது எந்தச் சோடிச் சில்லு என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன சின்னக் கார்களில் முன்சோடி. ஹையேஸ் வான், எவரி வான், டிமோ பட்டா போன்றவற்றில் பின்சோடி. நாலு சில்லும் இழுக்கும் வாகனம் என்றால் கைநூலைப் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரையும் வாசியுங்கள். மண் படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாசியுங்கள். அம்புக்குறியோடு 'ரொட்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் பொறித்திருந்தால் அது ஒரே திசையில் மட்டும் சுழலவேண்டிய டயர். அதைப் பக்கம் மாற்றக்கூடாது. அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டுமே மாற்றலாம். பக்கம் மாறினால் அம்பு பின்னோக்கிப் பார்க்கும், நீரை வெளியே தள்ளவேண்டிய பள்ளங்கள் மறுவளமாக வேலை செய்யும். கார்த்திகை மழையில் ஏ9 வீதியில் வேகமாக ஓடும்போது அது விளையாட்டல்ல. 'அவுட்சைட்' என்று எழுதியிருந்தால் அந்த முகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். அளவையும் பாருங்கள். முன்னுக்கு ஓர் அளவும் பின்னுக்கு வேறு அளவும் என்றால் முன்பின்னாக மாற்றவே முடியாது.

'டொட்' (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் கடைசி நாலு இலக்கம் டயரின் பிறந்தநாள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எல்லா டயரிலும் இரண்டு பக்கமும் இந்த இலக்கம் முழுதாக இருக்காது, உட்பக்கமாகவும் இருக்கலாம். பத்து வருடம் கடந்த டயர் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழிக்க வேண்டியதுதான். இறக்குமதியாகி வந்த பழைய கார்களின் ஸ்பெயார் சில்லில் இதைக் கட்டாயம் பாருங்கள். உருளாமலே கிடந்து முதுமையடைந்த டயர் பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும்.

தேய்வைக் கையால் தடவிப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீற்றர். டயரின் முகம் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த டயருக்கு இடமாற்றம் எதுவும் உதவாது. அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மழைக்காலத்தைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈர ரோட்டில் பின்சில்லு வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது கைதேர்ந்தவருக்கே கடினம். அப்போது உண்மையாகவே புதுசுதான் வாங்க வேண்டும்.

கிரவலில் ஓடும் கார் என்றால் பள்ளங்களில் கல் செருகியிருக்கும். ஒரு பழைய ஸ்க்ரூட்றைவரால் அவற்றைக் கிண்டி எடுங்கள். கிண்டும்போது உடைமுள் முனையோ ஆணித் தலையோ தட்டுப்பட்டால் இழுத்துவிடாதீர்கள். காற்று போய்விடும். அந்த இடத்தைச் சோக்கால் வட்டமிட்டுவிடுங்கள், கடையில் காட்டலாம்.

கடைசியாகச் சோக்கட்டியை எடுத்து நாலு டயரின் பக்கச் சுவரிலும் பெரிதாக 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். முன்னுக்கு ட்றைவர் பக்கம் 1, முன்னுக்கு மற்றப் பக்கம் 2, பின்னுக்கு ட்றைவர் பக்கம் 3, பின்னுக்கு மற்றப் பக்கம் 4. இடது, வலது என்று எழுதவே வேண்டாம். நீங்கள் சீற்றில் இருந்து பார்த்த இடது, காருக்கு முன்னால் நிற்கும் மெக்கானிக்குக்கு வலது. எங்கள் நாட்டில் ஸ்ரேரிங் ஒரே பக்கம்தான் என்பதால் 'ட்றைவர் பக்கம்' என்பது யார் எங்கே நின்றாலும் மாறாது.

எந்த நோய்க்கு எந்த மருந்து

புதிதாகக் கார் ஓட்டுபவர்கள் டயர் சம்பந்தமான எல்லாவற்றையும் ஒரே வேலை என்று நினைத்துவிடுகிறோம். கடையில் மூன்று வேலை இருக்கிறது. இடம் மாற்றுவது ஒன்று. வீல் பலன்ஸ் என்பது சில்லின் விளிம்பில் சின்ன எடைக்கட்டி ஒட்டிச் சுழற்சியைச் சமப்படுத்துவது. வீல் அலைன்மென்ட் என்பது சில்லுகள் நிற்கும் கோணத்தைத் திருத்துவது. எது வேண்டும் என்று கார் தானே சொல்லும். எண்பதில் போகும்போது ஸ்ரேரிங் கைக்குள் அதிர்ந்தால் முதலில் பலன்ஸைச் சந்தேகியுங்கள். நேரான ரோட்டில் கையைத் தளர்த்தியதும் கார் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள், காற்று சரி என்றால் அலைன்மென்ட்.

தேய்வும் பேசும். டயரின் இரண்டு கரையும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்றைக் கூடுதலாக அடித்து ஓடியிருக்கிறீர்கள். உட்கரையோ வெளிக்கரையோ ஒன்று மட்டும் மொட்டையாகியிருந்தால் பெரும்பாலும் கோணம் பிழை. தடவும்போது மேடும் பள்ளமுமாக, நீரலை போல இருந்தால் குலுக்கலைத் தாங்கும் சொக் அப்சோபர் தளர்ந்திருக்கலாம், குழி விழுந்த ரோட்டில் அது அதிசயமல்ல. இப்படி இருக்கும்போது இடத்தை மட்டும் மாற்றினால் நோய் போகாது, நல்ல டயரும் நோயுள்ள மூலைக்குப் போய் அதேபோலத் தேயத் தொடங்கும்.

ஆகவே கடையில் நோயின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். "அலைன்மென்ட் பிழை போல" என்றால் அலைன்மென்ட் செய்துவிடுவார்கள், பில்லும் வரும். கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "முன்னுக்கு ட்றைவர் பக்கத்து ரயர் உட்கரையில மட்டும் தேஞ்சிருக்கு. எண்பதில போனா ஸ்ரேரிங் நடுங்குது, அறுபதில இல்லை. ரெண்டு கிழமையாத்தான்." எங்கே, எந்த வேகத்தில், எப்போதிருந்து. இந்த மூன்றும் இருந்தால் நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது. டொக்டரிடம் போய் "எனக்கு இன்ன மருந்து தாங்கோ" என்றா கேட்கிறோம்? "இஞ்சை நோகுது" என்றுதானே சொல்கிறோம்.

கடையில் சொல்லும் முறை

காலையிலேயே போங்கள். அறுவடைக் காலத்தில் ட்ராக்டரும் லொறியும் வரிசையில் நிற்கும், பின்னேரம் போனால் அவசரத்தில் செய்து தருவார்கள். வாசலில் நின்று பொதுவாகச் சொல்லாமல், சில்லில் கைவைக்கப் போகிறவரிடமே சொல்லுங்கள். முதலாளியிடம் சொன்னது வேலை செய்யும் பொடியனின் காதுக்குப் போவதற்குள் சுருங்கி 'ரயர் மாத்த' என்று மட்டும் ஆகிவிடும்.

சொல்ல வேண்டிய வசனம் இது: "தம்பி, இருக்கிற நாலு ரயரையும் இடம் மாத்திப் போட வேணும். ரொட்டேஷன். புதுசு ஒண்டும் வேண்டாம்." மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ரொட்டேஷன்' என்ற சொல் பல கடைகளில் தெரியும். தெரியாதவருக்கு முதல் வசனம் போதும். இரண்டையும் கவனிக்காதவருக்குக் கடைசி வசனம் கேட்கும்.

அடுத்தது தாள். கார் ஒன்றை மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு பெட்டி கீறி, மூலைகளில் 1, 2, 3, 4 போட்டு, எது எங்கே போக வேண்டும் என்று அம்பு கீறிக்கொண்டு போங்கள். முன்சோடி இழுக்கும் காரில் முன்னுள்ள இரண்டும் நேரே பின்னுக்கு, பின்னுள்ள இரண்டும் குறுக்காக முன்னுக்கு. அதாவது 1 போவது 3 இருந்த இடத்துக்கு, 2 போவது 4 இருந்த இடத்துக்கு. 3 குறுக்கே 2 இருந்த இடத்துக்கு, 4 குறுக்கே 1 இருந்த இடத்துக்கு. பின்சோடி இழுக்கும் வானில் இதற்கு மறுவளம்: பின்னுள்ளவை நேரே முன்னுக்கு வரும், முன்னுள்ளவை குறுக்காகப் பின்னுக்குப் போகும். அம்புக்குறி உள்ள டயர் என்றால் குறுக்குப் பாதையே இல்லை. இந்தத் தாளை நீட்டும்போது யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஒரு அண்ணை அதை வாங்கிச் சுவரில் செருகிவிட்டு, ஒவ்வொரு சில்லாகக் கழற்றும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பூட்டினார்.

மெக்கானிக் வேறு முறை சொன்னால் மறித்துப் பேச வேண்டாம், காரணம் கேளுங்கள். "ஏன் அண்ணை அப்பிடி?" என்று கேட்டால் பெரும்பாலும் நல்ல காரணம் இருக்கும். உங்கள் கண்ணில் படாத வெடிப்பு ஒன்றை அவர் கண்டிருப்பார். காரணத்தைக் காட்ட முடியாமல் "எல்லாருக்கும் இப்பிடித்தான் போடுறது" என்றால் மட்டும் உங்கள் தாளில் உறுதியாக நில்லுங்கள். "ரீச்சருக்கு என்ன தெரியும்" என்ற பார்வை வரும் என்று பயந்து பின்வாங்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பார்வை வந்தால் வரட்டும், சோக்கில் எழுதிய இலக்கம் பேசிக்கொள்ளும்.

ஸ்பெயார் சில்லைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். மற்ற நாலின் அதே அளவு என்றால் ஐந்தையும் சேர்த்துச் சுற்றலாம். மெலிந்த, அவசரத்துக்கு மட்டுமான ஸ்பெயார் என்றால் அதைத் தொட வேண்டாம், காற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்த சில கார்களில் ஸ்பெயாரே கிடையாது, ஒரு போத்தல் பசையும் சின்னப் பம்பும்தான் இருக்கும். மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் இருட்டிய பிறகு டயர் கிழிந்தால் அந்தப் போத்தல் உதவாது. உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று இன்றே டிக்கியைத் திறந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கூலி எவ்வளவு என்று தொடங்குமுன் கேளுங்கள். பலன்ஸ் சேர்த்தால் எவ்வளவு, சேர்க்காவிட்டால் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். "நான் சொல்லாத வேலை ஏதும் தேவை எண்டா, செய்யமுன்னம் எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

எல்லாவற்றையும் கண்காணிக்கத் தேவையில்லை. தேத்தண்ணி குடிக்கப் போகலாம். ஆனால் சில்லுகள் கழன்றிருக்கும் நேரத்திலும் நட் இறுக்கும் நேரத்திலும் அங்கே நில்லுங்கள்.

சில்லு கழன்றிருக்கும்போது பிரேக் பாட்டின் தடிப்பு வெளியே தெரியும். "தம்பி, பிரேக் பாட் எவ்வளவு இருக்கு எண்டு காட்டுங்கோ" என்று கேட்டால் அப்போதே காட்டுவார்கள். வேறு நாளில் இதற்கென்றே சில்லைக் கழற்ற வேண்டிவரும்.

நட் விடயம் இதைவிட முக்கியம். முதலில் விரலால் புரி பிடிக்கச் சுற்ற வேண்டும். பிறகு ஒன்றுக்கு எதிர் மற்றொன்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும். வரிசையாக வட்டத்தில் இறுக்கினால் சில்லு சரிந்து உட்காரும். கடைசி இறுக்கம் கார் தரையில் இறங்கிய பிறகு. சின்னக் கார்களுக்கு அந்த இறுக்கம் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீற்றருக்குள் வரும், சரியான அளவு கைநூலில் இருக்கும். காற்றில் ஓடும், நட் இறுக்கும் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று முழு வேகத்தில் அடித்துவிட்டால் அளவு எங்கேயோ போய்விடும். போல்ட் நீண்டு பலம் இழக்கும். இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு ஒருமுறை கனகராயன்குளத்துக்கு இப்பால் காற்றுப் போனது. காரோடு வந்த, நட் கழற்றும் சாவியைப் போட்டு ஏறி நின்றும் ஒரு நட் அசையவில்லை. வழியில் வந்த லொறிக்கார அண்ணை நீளக் குழாய் ஒன்றைச் சாவியில் செருகிப் பிடித்த பிறகுதான் அது 'டக்' என்று விட்டது. அன்றிலிருந்து நான் சொல்வது: "கன்னால சும்மா பிடிச்சிட்டு, கடைசி இறுக்கத்தைக் கையால போடுங்கோ தம்பி." இறுக்கத்தை அளந்து இறுக்கும் சாவியான ரோர்க் றென்ச் இருக்கும் கடை என்றால் அதால் இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

காற்றும் பில்லும்

இடம் மாறிய டயருக்குக் காற்றும் மாற வேண்டும். சில கார்களில் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு. ட்றைவர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சிட்டையில் அது இருக்கும். டயரின் சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய ஆகக்கூடிய அளவு, அதை அடிக்கச் சொல்லாதீர்கள். சிட்டை சொல்வது டயர் குளிர்ந்திருக்கும்போதுள்ள அளவு. யாழ்ப்பாணத்திலிருந்து வெயிலில் ஓடிவந்த டயர் சில பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்திருக்கும்.

பில்லில் 'டயர் வேலை' என்று மட்டும் எழுதவிடாமல், இடமாற்றம், பலன்ஸ் என்று தனித்தனியாகவும் அன்றைய மீற்றர் இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காசு கொடுக்குமுன் காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். முன்சோடி இழுக்கும் காரில், அம்புக்குறி இல்லாத டயர் என்றால், முன்னுக்கு ட்றைவர் பக்கத்தில் 4 இருக்க வேண்டும், மற்றப் பக்கத்தில் 3. ஒரு தடவை எனக்கு முன்னிரண்டையும் தங்களுக்குள் மட்டும் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். சோக் இலக்கத்தைக் காட்டியதும் ஒரு பேச்சுமில்லாமல் திரும்ப ஜக் அடித்தார்கள்.

அதன்பிறகு 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டிய சில்லு ஓட்டத்தில் படிந்து உட்காரும்போது நட் தளர இடமுண்டு. வவுனியாவில் வேலை செய்வித்துக்கொண்டு வடக்கே வருபவர்களுக்கு இதற்கு நல்ல இடம் முறிகண்டி. எப்படியும் பிள்ளையாருக்கு நிறுத்தத்தானே போகிறோம். கும்பிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு வந்ததும் டிக்கியைத் திறந்து சாவியை எடுங்கள். ஒவ்வொரு நட்டிலும் வைத்து ஒரு அழுத்து, ஏறி மிதிக்க வேண்டாம். அசையாவிட்டால் சரி. அசைந்தால் எதிரெதிராக இறுக்கிவிட்டு, மீற்றரைப் பார்த்து அடுத்த தவணையின் இலக்கத்தைச் அம்பு கீறிய அதே தாளின் பின்பக்கத்தில் குறித்து, டாஷ்போர்ட் பெட்டிக்குள் வையுங்கள்.